நீ பஸ் ஏறிய பிறகு எஞ்சின் ஓடியது

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை. நலமாக இருக்கிறவன் இப்படி ஒரு கடிதம் போடமாட்டான். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடப் போகிறேன், மாதக் கடைசிக்குள் முடித்துவிடுவேன், அப்பாவால் இனி தண்ணீர் இறைக்கிற எஞ்சினுக்கு ஹேண்டில் போட முடியாது, எஞ்சினும் செத்துக் கிடக்கிறது, உங்களை அப்படி விட்டுவிட்டு இங்கே ஏனாமில் உட்கார்ந்து கோப்பு புரட்ட என்னால் முடியாது என்று எழுதியிருக்கிறாய். சோறு வடிக்கப் போகிற நேரத்தில் தபால் வந்தது. படித்து முடிப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது. அப்பா அந்தக் குழைந்த சோற்றைத் தின்றுவிட்டு ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்று மட்டும் கேட்டார். ஏனாமில் மழையாம், உடம்பு சுகம்தானாம் என்று சொல்லி வைத்தேன். வேலையை விடப்போகிற விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இத்தனை தாள். இன்லண்டில் அடங்காது. உன் மேலதிகாரியிடம் ராஜினாமாவை நீட்டுவதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடு.

முதலில் எஞ்சின் சேதி. எஞ்சின் ஓடுகிறது. நீ பூவத்தில் பஸ் ஏறின அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் ஓடிவிட்டது. நாற்றங்கால் பிழைத்துக்கொண்டது. உடனே உனக்கு ஒரு கார்டு போட்டிருக்கவேண்டும். போட்டிருந்தால் நீ இப்படி எழுதியிருக்கமாட்டாயோ என்னவோ. ஆனால் எப்படி ஓடியது என்பதைக் கார்டில் எழுத முடியாது, நம் தபால்காரர் எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். கவரில் எழுதலாம் என்று நினைத்தேன், நாற்று, களை, மாட்டுக்குச் சீக்கு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று வந்தது. சாயங்காலம் ஆனால் கண்ணைச் சொருகிக்கொண்டு வருகிறது. எனக்குக் களைப்பாக இருக்கிறது, தம்பி. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பாக எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய், நான் உன்னையும் பார்த்தேன், அப்பாவையும் பார்த்தேன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேள். குடலிறக்கத்துக்கு அப்பாவைக் காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பியபோது, ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது, ஹேண்டில் போடுவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊரில் யார் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மனிதர் கைலியை இடுப்புக்கு மேலே தளர்த்திக் கட்டிக்கொண்டு, தும்மல் வந்தால்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்முகிறவராகிவிட்டார். அந்த நேரம் பார்த்து நீ லீவில் வந்தாய். அந்த நேரம் பார்த்து டேங்கிலிருந்து பில்டருக்கு வருகிற செம்புக் குழாய் நட்டுக்குப் பக்கத்தில் கீறல் விட்டது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாளாகும், நாற்றங்காலுக்கு எஞ்சினை விட்டால் கதியில்லை. கொட்டகை மண் டீசல் ஊறிக் கறுத்துக் கிடந்தது.

குழாயைக் கழற்றிக் காரைக்காலுக்கு எடுத்துப்போய்ப் பற்றவைத்து, இரண்டு பக்கத்துக்கும் புது வாஷர் வாங்கி வந்து, நீ போகவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மாட்டி முடித்தாய். டேங்கு நிறைய டீசலும் ஊற்றினாய். காலையில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்றாய். குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துகொள்ளும், அந்தக் காற்றை எடுத்தால்தான் எஞ்சின் பிடிக்கும் என்பது இந்த வீட்டில் எனக்கே தெரியும். நீயும் முறையாகத்தான் செய்தாய். பில்டர் தலையில் இருக்கிற திருகாணியை இளக்கினாய், நுரை நுரையாகக் குமிழ் வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது, இறுக்கினாய். பம்ப்பு பக்கமும் அப்படியே. பிறகு நீ ஹேண்டில் போட்டாய். நான் எப்போதும்போல எஞ்சின் தலையிலுள்ள நெம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெம்பு தூக்கியிருக்கிறவரை சக்கரம் லேசாகச் சுற்றும், வேகம் பிடித்ததும் விடவேண்டும். “விடும்மா!” என்றாய். விட்டேன். டுப் டுப் என்று நாலு அடி அடித்தது, கூரை வழியே வெள்ளையாய்ப் புகை போனது, எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதோடு நின்றுபோனது.

மறுபடியும் திருகை இளக்கினால் மறுபடியும் குமிழ். டேங்கைத் திறந்து பார்த்தாய், ததும்ப இருந்தது. மூடிவிட்டுக் காற்றை எடுத்தால் கொஞ்ச நேரம் டீசல் நன்றாக வந்தது, பிறகு நூலாக இளைத்தது, பிறகு குமிழ். ஒரு சொட்டு வெளியே ஒழுகவில்லை, ஆனால் எங்கேயோ காற்று இழுக்கிறது. பற்றவைத்த இடம்தான் சரியில்லை என்று முடிவு கட்டினாய். வாஷரைத் திருப்பிப் போட்டாய், நூல் சுற்றினாய், துணி சோப்பை எச்சில் தொட்டுக் குழைத்து மூட்டு மூட்டாக அப்பினாய். அப்பா சுவரோரம் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, “நட்ட இன்னும் ஒரு சுத்து இறுக்குடா, வாஷர் சரியா உக்காரல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது தடவையோ என்னவோ, நீ ஸ்பேனரை மண்ணில் போட்டுவிட்டு, “நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா, எந்திரிக்க முடியாம உக்காந்துகிட்டு யோசனை வேற” என்றாய். அவர் சும்மா இருந்துவிட்டார். நான் அப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. பேனா பிடிக்கிற கை. அப்பாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் நேரமாகிவிட்டது. சாப்பிடாமல், டீசல் வாடையோடு, கையில் என் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு ஏறினாய். அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாய், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நீ போன பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குள் போகவில்லை. பேசி வைத்துக்கொண்ட மாதிரி கொட்டகைக்கே போனோம். அவர் அதே கூடைமேல் உட்கார்ந்தார். நாற்றங்கால் ஓரத்தில் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது, அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் ஒரு துணியை எடுத்துச் சிந்தின டீசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டேங்கைத் துடைக்கும்போது மூடியைக் கழற்றினேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தண்ணீரில் முங்கினவன் தலையைத் தூக்கினதும் மூச்சை இழுப்பானே, அப்படி உள்ளே இழுத்தது. நீ இருந்தபோதும் இழுத்திருக்கும், அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

டேங்கு எதற்கு மூச்சு இழுக்கவேண்டும் என்று நின்று யோசித்தேன். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் இறங்கும் என்பது அடுப்படியில் நிற்கிற யாருக்கும் தெரியும். டேங்கு மூடியிலும் அதற்கென்று கடுகளவு ஒரு துளை உண்டு. தடவிப் பார்த்தேன், துளையைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், காய்ந்து இறுகிப்போன சந்தனப் பொட்டு. ஒரு ரூபாய்க் காசு அகலம், நடுவில் குங்குமம். உன் வாஷரில் கோளாறில்லை, தம்பி, பற்றவைப்பிலும் கோளாறில்லை. டேங்குக்குள் காற்று போக வழியில்லாததால் டீசல் இறங்காமல் நின்றிருக்கிறது, அந்த இழுப்பில் மூட்டு வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. மூடியை நீ திறந்தபோதெல்லாம் சரியாகி, மூடினதும் பழையபடி ஆகியிருக்கிறது.

காலையில் அந்தப் பொட்டை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். எஞ்சினில் பொட்டு இருந்தால் யார் கண்ணுக்குத் தட்டுப்படும்? ஆயுதபூஜைக்கு நான் வைத்ததெல்லாம் மங்கலாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நான் வைப்பது சக்கரத்திலும் டேங்கின் முகத்திலும்தான். மூடிமேல் வைக்கமாட்டேன், தினம் கை படுகிற இடம், அழிந்துபோகும். பொட்டு வைத்துப் பழகின யாரும் அங்கே வைக்கமாட்டார்கள். பழக்கமில்லாத கை, எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் நெற்றி என்று நினைத்து வைத்திருக்கிறது. காலையில் சந்தனக்கல் ஈரமாக இருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ வைத்திருக்கமாட்டாய், நீ எழுந்ததே நான் எழுப்பித்தான். திரும்பிப் பார்த்தேன். அப்பா எதிர் வரப்பில் மேய்கிற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு அப்படியொன்றும் அதிசயமாக மேயவில்லை.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டுமா? கறுப்புச் சட்டைக்காரர். என் அப்பா கண்ணீர் விட்டதால்தான் எனக்குத் தாலியே கட்டினார், அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். உனக்கு மொட்டை போட என்னைத் தனியாகத்தான் கோயிலுக்கு அனுப்பினார், அதுவும் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு. வருஷா வருஷம் நான் எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, “டீசல் ஊத்துனா ஓடும், சந்தனம் பூசுனா ஓடாது” என்பார். அவர் வாக்கு அட்சரம் பிசகாமல் பலித்துவிட்டது.

கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு நீ செய்ததைப் போலவே திருகை இளக்கிக் காற்றை எடுத்தேன், டீசல் சுண்டுவிரல் கனத்துக்கு இளைக்காமல் வந்தது. ஹேண்டில் போட ஆள் வேண்டுமே. எதிர் வயலில் சவரியம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள், அவள் புருஷன் அன்றைக்கு ஊரில் இல்லை. அவளைக் கூப்பிட்டேன்.

“என்னக்கா, தம்பி போயிருச்சா?”

“போயிட்டான். வா, ஒரு கை போடு.”

“நானா? மாதாவே! இதெல்லாம் ஆம்பளைங்க வேலக்கா.”

“ஆம்பள ஒருத்தர் உக்காந்திருக்கார், பாத்தியா? உலக்கை புடிக்கிற கைதானே. வா.”

அப்பா எழுந்தார். “ஹேண்டில் பக்கம் வந்தீங்கன்னா நடக்கிறதே வேற” என்றேன். “அப்ப நான் என்னதான் செய்யிறது?” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. நெம்பைப் பிடிக்கச் சொன்னேன். எஞ்சின் வாங்கின நாளிலிருந்து நான் பிடித்த நெம்பு அது, அவர் ஒரு நாளும் பிடித்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஹேண்டிலைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினோம். “விடுங்க!” என்று நான் கத்தினபோது அவர் தடுமாறிவிட்டார், சக்கரம் தளர்ந்த பிறகுதான் விட்டார். “நெம்பை விடத் தெரியலன்னுதான் இத்தனை வருஷம் என்னைத் திட்டுனீங்களா?” என்றேன். சவரியம்மாள் சிரித்ததில் ஹேண்டிலே நழுவியது. அடுத்த தடவை சரியாக விட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து வாய்க்காலில் விழுந்தபோது எனக்குத் தோளிரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

சவரியம்மாள் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கேட்டேன்.

“மூடி மேல யாரு சந்தனம் வச்சது?”

“நீதான எப்பவும் வைக்கிறவ.”

“நான் மூடி மேல வைக்கமாட்டேன்.”

மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து விரலால் நொறுக்கிக்கொண்டே இருந்தார். அது தூளானது. “இது ஓடலன்னா பய நிம்மதியாப் போவமாட்டான்னு தெரியும். ஓடிட்டா, சரி, அப்பன் சமாளிச்சுக்குவான்னு போயிச் சேருவான். என்னால வேற என்ன செய்ய முடியுது சொல்லு. ஹேண்டில் போட முடியுதா? ஒரு குடம் தூக்க முடியுதா? அதான் வச்சேன்.” கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, “அவன் கையப் பாத்தியா?” என்றார். அதற்குப் பிறகு, “அவன்கிட்ட சொல்லாத” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை, எழுந்து மடை திருப்பப் போய்விட்டார். நான் கொடுத்த வாக்கை இப்போது மீறிவிட்டேன். நீ வந்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

இப்போது புரிகிறதா, உன் கடிதத்தில் இருப்பதை நான் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று? நீ நிம்மதியாக அந்த வேலைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தை அந்த மனிதர் செய்தார். அதனாலேயே எஞ்சின் ஓடாமல் போனது. எஞ்சின் ஓடாததாலேயே நீ வேலையை விடப்போகிறேன் என்கிறாய். இந்தக் கணக்கைப் போட அவருக்கு நிமிஷம் ஆகாது. போட்டுவிட்டால் என்னிடம்கூடச் சொல்லமாட்டார், அந்தக் கூடைமேல் உட்கார்ந்து மீதிக் காலத்தைக் கழித்துவிடுவார். அறுத்த இடம் ஆறிக்கொண்டு வருகிறது. இதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

உன் மாமாவை, என் அண்ணனை, உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். திருமலைராயன்பட்டினத்தில் வீட்டு வாசலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாரே. என் கல்யாணத்துக்கு முன்னால் அவர் சைகோனில் ஒரு கிடங்கில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி போனது, வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்துவிட்டார். அவர் வந்து சேருவதற்குள் அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் நெடுங்காலம் இருந்தாள். குழம்பில் உப்புக் கூடினால், மழை வந்து திண்டாடினால், யாராவது புதுச் சட்டை போட்டு வந்தால், “உனக்காகத்தானே அத்தனையும் விட்டுட்டு வந்தேன்” என்பார் அண்ணன். கோபமாகக்கூட இருக்காது, பழக்கமாகச் சொல்வார். அம்மா தட்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். கடைசிக் காலத்தில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். அண்ணன் காலமான பிறகு அவரோடு சைகோனில் இருந்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். உங்க அண்ணனுக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளவே இல்லை, தந்தி வராவிட்டாலும் அடுத்த கப்பலில் வந்திருப்பார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு வந்தவர் காலில் விழுந்திருப்பாள்.

அதனால் உன்னை ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ ஏனாமிலிருந்து எழுதின கடிதங்களில் ஒரு மனுஷர் பெயர்கூட இல்லை. மழை எழுதுகிறாய், கோதாவரியில் வெள்ளம் எழுதுகிறாய், சோற்றில் காரம் தாங்கவில்லை என்று எழுதுகிறாய். உன்னோடு அறையில் இருப்பவர் யார், ஆபீஸில் உனக்குப் பக்கத்து நாற்காலி யாருடையது, உடம்பு காய்ந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பவர் யார், ஒன்றும் இல்லை. தெலுங்கு கொஞ்சம் வந்துவிட்டதா என்று நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. லீவில் வந்து இறங்கின அன்றைக்குப் பையைச் சுவரோரம் வைத்தாய், போகிற நாள்வரை அதிலிருந்து வேண்டியதை உருவி உருவி எடுத்தாயே தவிர, ஒரு சட்டையைக்கூடக் கொடியில் போடவில்லை. பகலில் படுத்துக்கொண்டு கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் குழாயில் டீசல் ஒழுகுகிறது என்று அப்பா சொன்னதும் துள்ளி எழுந்தாய், பார். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் உன் முகம் தெளிந்தது. அந்தப் பாழாய்ப்போன கீறலைக் கண்டுதான் நீ சந்தோஷப்பட்டாய். நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று எனக்குப் பயம்.

எங்கள் பாட்டை நினைத்து நீ பதற ஒன்றுமில்லை. சவரியம்மாள் புருஷன் காலையில் வந்து ஹேண்டில் போட்டுக் கொடுக்கிறார், அதற்குப் பதில் அவர்கள் கத்திரிச் செடிக்கும் நம் தண்ணீர் போகிறது. அப்பா நெம்பு பிடிக்கிறார், இப்போது என்னைவிட நன்றாகவே பிடிக்கிறார், அந்தப் பெருமை வேறு. இந்தக் குறுவை ஓடிவிடும். அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று நானே சொல்லப்போகிறேன். அவர் முறைப்பார், நாலு நாள் பேசமாட்டார், பிறகு சரி என்பார். எனக்கும் போதும், தம்பி. சேறு மிதித்தது போதும். நாங்களே விடத் தயாராக இருக்கிற நிலத்தைக் காப்பாற்ற நீ அங்கிருந்து ஓடி வரவேண்டியதில்லை.

ஆசை இல்லையா என்றால், இருக்கிறது. பூவத்தில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலை தானாக நின்றுவிடுகிறது. நீ இந்த வீட்டில் இருந்தால் என் களைப்பில் பாதி போய்விடும் என்றுதான் நினைக்கிறேன். அதனாலேயே எனக்கு என்மேல் நம்பிக்கையில்லை. அப்பாவால் முடியவில்லை, அம்மா தனியாகத் திண்டாடுகிறாள் என்று நீ சொல்லிக்கொண்டு வந்து நின்றால், ஆமாம் என்று சொல்லி நான் உன்னைக் கட்டிக்கொண்டுவிடுவேன். அது எவ்வளவு தப்பு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, வருஷங்கள் கழித்து நீ ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போதுதான் தெரியும்.

உனக்கு அங்கே இருக்க முடிகிறது என்றால் இரு. பக்கத்து நாற்காலிக்காரரோடு இரண்டு வார்த்தை பேசு, தப்புத் தெலுங்காக இருந்தாலும் பரவாயில்லை, சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திரு. அதெல்லாம் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால், முடியவில்லை என்று எழுது. அதில் ஒரு வெட்கமும் கிடையாது. மனுஷர்களுக்கு ஓர் ஊர் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. எங்களுக்காக என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே. “அம்மா, எனக்கு இங்கே இருக்க முடியவில்லை” என்று ஒரே ஒரு வரி போடு. பாய் விரித்து வைக்கிறேன். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா